குக்கர் கூவாத ஞாயிறு

இப்போதைய வானவடி ஃபிளாட்டில் பழைய பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் வாசனையோடு நூலிழை இடைவெளியை அளக்க அப்பா வைத்திருந்த ஃபீலர் கேஜ் கிடைத்தது. முன்பு சிஞ்ச்வட்டில் நாங்கள் இருந்த வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில், ஞாயிறுதோறும் யாருடைய பழைய ஸ்கூட்டர் எஞ்சினையாவது பிரித்துப் போட்டு, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அதன் மெல்லிய தகட்டைச் செருகி, கண்ணை மூடி இழுப்பார். தளர்ந்தும் வரக்கூடாது, சிக்கவும் கூடாது, அந்த இழுவை விரலுக்குத் தெரிய வீட்டில் ஒரு சத்தமும் கூடாதென்பார். ரேடியோ நிற்கும், நானும் தங்கையும் வாயைப் பொத்திக்கொள்வோம், விசில் வந்துவிடாமலிருக்கக் குக்கர் அடுப்பும் அணையும்.

“பருப்பு வேகலேன்னா என்னைக் கேக்காதீங்க” என்று அம்மா மட்டும் கிசுகிசுப்பாள்.

அங்கே கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. தகட்டை இரு விரல்களுக்கிடையே வைத்து, கண்ணை மூடி இழுத்துப் பார்த்தேன். யாரையும் அடக்க வேண்டியிருக்கவில்லை. வீடு ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது.