வேலை கேட்டேன், கூலியில்லாத வேலை கிடைத்தது

சபையாருக்கு, ஃபேக்டரியில் அடுப்பு வேலை செய்யும் மாசிலாமணி எழுதுகிறேன்.

என் சாட்சியை எழுதித் தரும்படி போதகர் ஐயா மூன்று தடவை கேட்டார். இரண்டு தடவை முடியாது என்றேன். ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபத்தெட்டாம் ஆண்டில் எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. உங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் முன்னால் நான் எதற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கர்த்தர் செய்ததை மறைத்தால் அது என் பாவமாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மார்ச் மாதம். நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே இருக்கும் நம் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு நான்தான் விறகு போடுகிறவன். பதினாறு வருஷமாக அதே வேலை. அன்று காலை ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் என்னை அடுப்பை விட்டுவிட்டுப் போய், பெல்ட் அறுந்த, கொழுந்து கசக்கும் உருளையைப் பிடிக்கச் சொன்னார். போனேன். திரும்பி வருவதற்குள் சூடு ஏறி, தட்டில் இருந்த தேயிலை முழுவதும் கருகிவிட்டது. தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். டீமேக்கர் என்னைக் காட்டி, "இவன் தூங்கிட்டான்" என்றார்.

அவர் போகச் சொன்னதால்தான் போனேன் என்றேன். "வாயை மூடு நாயே" என்றார் டீமேக்கர். நான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கினதே போதுமானதாக இருந்தது. அன்று பின்னேரமே வேலைப் பதிவிலிருந்து என் பேரை வெட்டிவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. என் பக்கத்தில் நின்று வேலை செய்த செல்வராசு, டீமேக்கர் என்னைக் கூப்பிட்டதைக் காதால் கேட்டவன். ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறவன். அவனைக் கேட்டபோது, "நான் கவனிக்கலைங்க" என்றான். இன்னும் இரண்டு பேர் நம் சபையார். அவர்களும் கவனிக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் கர்த்தர் எதிலிருந்து தூக்கினார் என்று உங்களுக்குத் தெரியாது.

காலையில் ஃபேக்டரி சங்கு ஊதும். என் உடம்பு தானாக எழுந்துவிடும். எழுந்து காற்சட்டையைப் போட்ட பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். அப்படியே உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி ஞானம்மா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்க மலைக்குப் போவாள். சாயந்தரம் அவள் வரும்போதும் நான் அதே இடத்தில்தான் இருப்பேன். முதல் மாதம் குளித்தேன். பிறகு அதையும் விட்டேன். யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் சண்டை. அவள் சம்பாதித்த சோற்றை அவள் கையால் வைக்கும்போது எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவள் குனிந்து சோற்றைப் பொறுக்கினாள். அந்த முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்வினை என்றார்கள். கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஒரு வாய்ச் சோறும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். நம் மூப்பர் வெறுங்கையோடு வந்தார்.

"தம்பி, மனசுல ஏதோ ஒளிச்சு வச்சிருக்கீங்க. பாவத்தை அறிக்கை பண்ணுங்க. சமாதானம் வரும்" என்றார்.

"பாவம் பண்ணினவங்க ஃபேக்டரியில இருக்காங்க. அங்க போய்க் கேளுங்க" என்றேன். அவர் வேதபுத்தகத்தைத் திறந்தார். நான் கதவைத் திறந்து வெளியே காட்டினேன்.

ஒரு மத்தியானம் அணைக்கட்டுத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்துக்குப் போய் நெடுநேரம் நின்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். திரும்பி வரும் வழியில், விறகு அடுக்கி வைக்கும் கொட்டகைக்குள் போய் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. முழங்காலிலும் நிற்கவில்லை. "நீ இருக்கிறது உண்மைன்னா எனக்கு வேலையைக் குடு. இல்லாட்டி என்னை எடுத்துக்க. ரெண்டுல ஒண்ணு செய். சும்மா பார்த்துக்கிட்டு இருக்காத" என்றேன். தேவனோடு அப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். நான் பேசினேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

நான்காவது வாரம் ஞானம்மாவுக்குக் காதில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்து கேட்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து மாதத்தில் நான் தோட்டத்தை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. வரிசையில் எங்களுக்கு முன்னால் வேறு தோட்டத்துப் பெண் ஒருத்தி, காலில் பெரிய புண்ணோடு நின்றாள். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் சிங்கள நர்ஸ் ஊசியை எடுத்தார். அந்தப் பெண் பின்வாங்கினாள்.

"வேணாங்க, இந்த ஊசி போட்டா எனக்கு மூச்சு நின்னுடுங்க. போன தடவை செத்துப் பொழைச்சேங்க" என்றாள்.

மிஸிக்குத் தமிழ் தெரியாது. நல்ல மனுஷிதான். இவள் ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையைத் தடவிக் கொடுத்தார். பஞ்சை எடுத்துத் துடைத்தார். அந்தப் பெண் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அணை கட்டிய காலத்தில் என் அப்பா அங்கே வேலைக்காரர்களுக்குச் சமைத்தார். நான் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். எனக்கு அந்தப் பாஷை தாய்ப்பாஷை மாதிரி வரும். ஐந்து மாதம் மனிதரோடு சரியாகப் பேசாத என் வாயிலிருந்து சிங்களம் சத்தமாக வந்தது. "நிறுத்துங்க, அந்த ஊசி போட்டா இவ செத்துடுவா" என்று கத்தினேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மிஸியின் கை நின்றது. பிறகு டாக்டர் வந்து என் மூலமாக அந்தப் பெண்ணிடம் எல்லாம் விசாரித்தார். வேறு மருந்து எழுதினார். "போட்டிருந்தா ஆளு போயிருக்கும்" என்று மிஸியிடம் மெதுவாகச் சொன்னார். மிஸியின் முகம் வெளுத்துவிட்டது.

ஞானம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மிஸி பின்னால் வந்தார். "நாளைக்கும் வருவீங்களா? தோட்டத்து ஆளுங்க சொல்றது எங்களுக்கு விளங்குறதில்லை" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சம்பளம் தருவீங்களா?"

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப எதுக்கு வரணும்?"

அவர் உள்ளே போய்விட்டார். நானும் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. வழக்கம்போல எழுந்தேன். காற்சட்டையைப் போட்டேன். உட்காரவில்லை. கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு டவுனுக்கு நடந்தேன். இரண்டு மணி நேர நடை. அன்பினால் போனேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண்ணின் பேச்சை ஒருவரும் காதில் வாங்கவில்லை என்ற ஆத்திரத்தினால் போனேன். என் பேச்சையும்தான் ஒருவரும் வாங்கவில்லை. அந்த ஆத்திரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

ஞானம்மா சும்மா விடவில்லை. நான்காம் நாள் கேட்டாள்.

"சம்பளமில்லாத வேலைக்கு எதுக்கு இந்த நடை? ஒரு தோட்டத்துல அன்னாடம் காசு தர்ற கைக்காசு வேலை தேடினா என்ன?"

"தேடினேன். பேர் வெட்டினவனை எவனும் எடுக்க மாட்டேங்கிறான்."

"அப்ப என் கூடையில ரெண்டு பேரு. இப்ப அந்த ஆஸ்பத்திரியும் சேர்த்து மூணு" என்றாள். நியாயமான பேச்சு.

ஆனால் ஒரு மாதம் போனதும் அவளே சட்டையைத் துவைத்துக் காயப் போட்டாள். "நீங்க இப்ப தூங்குறீங்க. முன்ன மாதிரி பல்லைக் கடிக்கிறதில்லை. போங்க, ஆனா நான் சந்தோஷமா அனுப்புறேன்னு நினைக்காதீங்க" என்றாள்.

அது உண்மை. நான் தூங்கினேன். சாப்பாடு ருசித்தது. "எங்க நோகுது? எப்ப இருந்து?" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்டு, பதிலை அந்தப் பக்கம் சொல்லும்போது, என் சொந்தக் கசப்பைச் சுற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை. என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நான் கேட்டது கூலியோடு கூடிய வேலை. அதனால் தேவன் இன்னும் பதில் சொல்லவில்லை என்றுதான் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூலியில்லாத வேலை மனதுக்கு மருந்து என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது பாதி உண்மை. ஒரு வருஷம் போனதும் எனக்கு மறுபடியும் உள்ளே கருகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவருக்கும் சம்பளம், வாசலில் நிற்கிறவருக்கும் சம்பளம். எனக்கு "புண்ணியவான்" என்று பேர். ஒரு ஞாயிறு மூப்பர் எழுந்து, "நம் சகோதரர் மாசிலாமணி ஒரு சதம் வாங்காமல் ஊழியம் செய்கிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றீர்கள். நான் எழுந்தேன்.

"சும்மா ஸ்தோத்திரம் சொல்லாதீங்க. என் பொண்டாட்டி மழையில கொழுந்து எடுக்கிறா. அந்தச் சோத்தைத் தின்னுட்டுத்தான் நான் ஊழியம் செய்றேன். அவ பேரையும் சொல்லுங்க. இல்லாட்டி என் பேரையும் சொல்லாதீங்க" என்றேன். ஞானம்மா தலை குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "இப்பவாவது ஒருத்தர் சொன்னாங்களே" என்றாள்.

எழுபத்தொன்பது நவம்பரில் மழை விடாமல் பெய்த ஒரு காலையில், செல்வராசு தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். எட்டு மாதக் கர்ப்பம். சேலை முழுவதும் இரத்தம். அவனுக்குச் சிங்களத்தில் "தண்ணி" என்று கேட்கக்கூடத் தெரியாது. என்னைப் பார்த்தான்.

நான் திரும்பிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். இதை நான் அழகுபடுத்தப் போவதில்லை. போய் நின்றேன். குழாயைத் திறந்து கை கழுவினேன், கழுவ ஒன்றும் இல்லை. "அவனும் கொஞ்சம் வாய் இல்லாம நிக்கட்டும்" என்று மனது சொன்னது. அது என் சொந்தக் குரல்தான், பிசாசின்மேல் போட மாட்டேன். உள்ளே மிஸி கேள்விமேல் கேள்வி கேட்பதும், செல்வராசு "ஆமாங்க, ஆமாங்க" என்று எல்லாவற்றுக்கும் சொல்வதும் கேட்டது. அந்தப் பெண் ஒரு தடவை முனகினாள்.

"ஆண்டவரே, நான் அவனுக்காகப் போகலை. அவளுக்காகப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

செல்வராசு என் கையைப் பிடித்து அழுதான். "அண்ணே, அன்னைக்கு நான்..."

"அழுகாத. கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எப்ப இருந்து இரத்தம் போகுது?"

விடியற்காலையிலிருந்து என்றான். முதல் பிரசவத்திலும் இப்படிப் போனது என்றான். அதைச் சொன்னதும் டாக்டர் உடனே ஆபரேஷனுக்கு எடுத்தார். குழந்தை தங்கவில்லை. தாய் பிழைத்தாள்.

அடுத்த வாரம் செல்வராசு யாரும் கேட்காமல் துரையின் ஆபீசுக்குப் போனான். டீமேக்கர் என்னை உருளைக்குக் கூப்பிட்டதைத் தன் காதால் கேட்டதாகவும், பயத்தினால் பொய் சொன்னதாகவும் சொன்னான். தன் பேரையும் வெட்டுவார்கள் என்று தெரிந்தே போனான். பழைய துரை மாறிப் போயிருந்தார். புது துரை கேட்டுக்கொண்டார். செல்வராசுக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்று தண்டனை. எண்பதாம் ஆண்டு ஜனவரியில் என் பேரை மறுபடியும் எழுதினார்கள்.

ஆபீஸ் வாசலிலேயே முழங்கால் போட்டேன். அன்றுதான் எனக்கு விளங்கியது. நான் கொட்டகையில் கத்திய ஜெபத்துக்குக் கர்த்தர் இரண்டு தடவை பதில் கொடுத்திருக்கிறார். முதலில் என்னை உயிரோடு வைக்க ஒரு வேலை. அந்த வேலையின் வழியாகவே சம்பள வேலை.

புது துரையிடம் மத்தியான முறை வேலையைக் கேட்டு வாங்கினேன். வாரத்தில் மூன்று காலை ஆஸ்பத்திரி, பின்னேரம் அடுப்பு. ஆறு வருஷமாக இப்படித்தான். எண்பத்து மூன்று ஆடியில் தமிழரை அடித்த கலவரத்தின்போது மட்டும் நாங்கள் குடியிருக்கும் லயத்தை விட்டு இறங்கவில்லை. "இப்ப வர வேணாம், நான் சொல்லும்போது வாங்க" என்று மிஸிதான் ஆள் அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் போனேன். என் நாற்காலி அங்கேயே இருந்தது.

சம்பளம் கையில் வந்த முதல் நாள் அதை ஞானம்மாவிடம் கொடுத்தேன். அவள் எண்ணவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் ஒன்றாக உட்கார்ந்தோம். அந்தச் சோற்றைப் போல எதுவும் எனக்கு ருசித்ததில்லை.

செல்வராசை மன்னித்துவிட்டீர்களா என்று போதகர் ஐயா கேட்டார். முழுவதும் மன்னித்தேன் என்று எழுதினால் பொய். அவன் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறேன். மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். மற்ற இரண்டு பேரும் இந்தச் சாட்சியை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லயத்தில் பேர் வெட்டப்பட்டு, முகம் கழுவாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் போய்ப் பாவத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் கையால் ஆகக்கூடிய ஒரு வேலையை அவரிடம் கேளுங்கள். கூலி கொடுக்க முடிந்தால் கொடுங்கள், ஸ்தோத்திரத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

நீங்களே அப்படி உட்கார்ந்திருந்தால், ஜெபம் பண்ணுங்கள். நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கிற வார்த்தையில் கேளுங்கள், திட்டியாவது கேளுங்கள். விறகுக் கொட்டகையில் திட்டினவனின் சத்தத்தைக் கேட்டவர் உங்கள் சத்தத்தையும் கேட்பார். அவருக்கே மகிமை.