காலரில் அழுக்கில்லாத சட்டை

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ‘ல’வும் ‘ள’வும் வரும் இடங்களில் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் தீபாவளிக்குச் சட்டை அனுப்பியிருந்தாள். கழுத்துப் பட்டியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அது எதற்கு? மடிப்புக்குள்ளிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். காகிதம் எரிகிற வாசனை. சாம்பலும் தொட்டதும் உதிர்ந்துவிட்டது. சுத்தப் பருத்தி. மகளுக்கு மறக்கவில்லை.

பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பருத்திதான் போட்டுப் போக வேண்டும். பாலியெஸ்டர் உரசினால் பொறி வரும். வெடிமருந்து அறையில் கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும். வாசலில் வாட்ச்மேன் எங்கள் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவுவார், அதே கையால் சட்டையையும் கசக்கிப் பார்ப்பார். வழுவழுவென்று இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இதெல்லாம் என் மனைவிக்கு முதலில் தெரியாது. அவள் விருதுநகர்க்காரி. அவளுடைய அய்யா மிளகாய் வத்தல் குடோனில் மூட்டை தூக்குகிறவர். வத்தல் நெடி ஏறிய துணியை முதலில் தெருவில் நின்று நன்றாக உதற வேண்டும்; உதறாமல் நனைத்தால் துவைக்கிறவள் கை இரவெல்லாம் எரியும். மருந்துத் துணி அதற்கு நேர்மாறு. உதறவே கூடாது, பொடி பறக்கும்; அப்படியே தண்ணீரில் முக்க வேண்டும். துணி துவைப்பதில்கூட நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிர் ஊர்.

கல்யாணமான புதிதில் அவள் எனக்கு ஒரு நீலச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். அம்மா வீட்டில் இருக்கும்போது வத்தல் காம்பு கிள்ளிச் சேர்த்த காசு. விடுப்பு முடிந்து நான் வேலைக்குக் கிளம்பிய அன்று, அவளே பொத்தான் மாட்டிவிட்டாள்.

“இந்தச் சட்டைல ஆபீசரு கணக்கா இருக்கீக. இனிமே அந்தக் கிழிசலப் போடப்படாது, ஆமா.”

அது பாலியெஸ்டர் என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது அவள் முகத்தைப் பார்த்து நான் முழுதாகப் பேசிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. குழம்புக்கு உப்பு வேண்டுமென்றாலும் உப்புச் சாடியைத்தான் பார்ப்பேன். அவள் பார்க்காதபோது பழைய துணியைப் பையில் திணித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் ஊர் ஆமத்தூரைத் தாண்டியதும் ஒரு கருவேலம் புதர். என் பழைய சட்டையையும் கால்சட்டையையும் பாலிதீன் பையில் சுற்றி அதற்குள் ஒளித்து வைத்தேன். காலையில் அங்கே மாற்றிக்கொண்டு நாரணாபுரத்தில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போவேன். சாயங்காலம் தொழிற்சாலைத் தொட்டியில் அலசி, வரும் வழியில் காயட்டும் என்று ஹேண்டில்பாரில் விரித்துப் போட்டு, பனியனும் துண்டுமாக மிதித்து வந்து, அதைப் புதரில் வைத்துவிட்டு நீலச் சட்டை போட்டு வீடு சேர்வேன். சட்டையில் ஒட்டியிருந்த கருவேல இலையைப் பார்த்து வாட்ச்மேன் என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏலே புதுமாப்ள, மயிலு தோகைய எந்தப் பொதர்ல உதுத்துட்டு வருது?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

துணியைத் துவைக்கிறவளிடம் எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்? ஒரு சாயங்காலம் அவள் நீலச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

“வேலைக்குத்தான் போறீகளா?”

“ம்.”

“பட்டாசுக் கம்பெனிக்குப் போய்ட்டு வாறவுக சட்டய அலசுனா தண்ணி கறுக்கும்னு பக்கத்து வீட்டக்கா சொல்லுது. இது என்னன்னா குடிக்கிற தண்ணி கணக்கா இருக்கு. காலர்ல ஒரு பொட்டு அழுக்கு இல்ல. எங்கன போறீக? எவ வீட்ல துவைச்சுப் போடுதா?”

நான் காலரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பெட்டியைக் கட்டினாள். “காலைல மொத பஸ்ஸுக்கு எங்கய்யா வீட்டுக்குப் போறேன்.”

விடிந்ததும் பெட்டியை நான்தான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் பின்னால் வந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் நிற்காமல் நான் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போக, “யோவ், எங்க போறீரு?” என்று கத்திக்கொண்டே வந்தாள். புதரிலிருந்து பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எத்தனை அலசினாலும் போகாத அலுமினியப் பொடி, சட்டை முழுக்க வெள்ளியாக மினுங்கியது.

அடுப்படியிலிருந்து கொண்டு வந்திருந்த தீப்பெட்டியை எடுத்தேன். அந்தச் சட்டையில் ஒரு நூல். எரிந்து, ஊதியதும் பறந்துபோயிற்று. நான் போட்டிருந்த நீலச் சட்டையில் ஒரு நூல். சுருண்டு, உருகி, கறுப்புப் பாசிமணியாக என் விரலில் ஒட்டிக்கொண்டது. கையை உதறினேன்.

அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். “மேல தீப்பிடிச்சா இப்பிடித்தான் ஒட்டிக்கிடுமா?”

தலையசைத்தேன்.

அவள் ரொம்ப நேரம் என் விரலை விடவில்லை. பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று.

“இம்புட்டையும் வாயத் தொறந்து சொன்னா முத்து உதுந்துருமாக்கும்?” என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் அந்தச் சட்டையை ஓங்கி உதறினாள். பொடி பறந்து இரண்டு பேர் தலையிலும் படிந்தது. கல்யாணமான பிறகு அவள் சிரித்து நான் முதல் முறையாகப் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டாலும் பதில் வராது என்று தெரிந்துபோயிற்று. சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். “இன்னக்கி வெயில்ல லோடு ஏத்துனீகளோ?” “யாரு கூடயோ சண்ட. பொத்தானு தெறிச்சிருக்கு.” “சாப்பிட்டுக் கைய சட்டைல தொடச்சிருக்கீக. அம்புட்டு அவசர ஆர்டரா?” எல்லாம் சரியாக இருக்கும். பேசாமலே ஒரு மனுஷன் இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்த முடிந்தது அப்படித்தான்.

அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு துணி துவைப்பது நான்தான். நன்றாகவே துவைக்கிறேன். பருத்திக்குக் கஞ்சி, அவளுடைய பட்டுக்கு வருஷத்துக்கு ஒரு முறை நிழலில் காற்று. சீசன் நாட்களில் மகள் போன் செய்து, “அய்யா, இன்னக்கி வேல எப்பிடி?” என்று கேட்பாள். “ம், நல்லாருக்கு” என்பேன். அதற்கு மேல் அவளுக்கு எதை வைத்துத் தெரியும்? வாளித் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு தென்னைக்குக் கொட்டிவிடுவேன்.

எழுதி முடித்தது: தீபாவளிக்கு மறுநாள், தொழிற்சாலை விடுமுறை.