ஏசிக்காரருக்கு வந்த கிராக்கி

தெருவில் எல்லோருக்கும் அவர் ஏசிக்காரர். நேரில் பேசும்போது அண்ணன், மாமா, சார் என்று ஆளுக்கொரு முறை வைத்துக் கூப்பிடுவார்கள். அவர் தலை மறைந்ததும் ஏசிக்காரர்தான். இத்தனைக்கும் அவர் வீட்டில் ஏசி கிடையாது. தலைக்கு மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, அவ்வளவுதான். "ஊருக்கெல்லாம் குளிர வைக்கிறவரு, வீட்ல அட்டையால விசிறிட்டு உக்காந்திருக்காரு" என்று அவர் மனைவியே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். முன்பெல்லாம் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். போகப் போக அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லாமல் போய்விட்டது.

வாழ்க்கை முழுக்கக் குளிரோடுதான் அவருக்குப் பிழைப்பு. மீசை அரும்பும் வயதில் ஐஸ் கம்பெனியில் கட்டி தள்ளப் போனார். அங்கிருந்த பெரிய கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டு, ஒரு சினிமா தியேட்டரின் ஏசி அறைக்கு மாறினார். தியேட்டர் நொடித்துப்போய் குடோன் ஆனதும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் வேலை. மேலே டாக்டர்கள், நோயாளிகள், அழுகை, நிம்மதி எல்லாம் நடக்கும். கீழே இவரும் மிஷினும் மட்டும். மிஷின் ஓடுகிறவரை இவர் ஒருத்தர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால் மட்டும் நாலா பக்கத்திலிருந்தும் போன் பறக்கும். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த வேலையை வெளி ஆட்களிடம் கொடுத்துவிட்டு, இவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலம் பழைய மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏசி கழுவப் போனார். முட்டி ஒத்துழைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊரின் ஓரத்தில் அந்தக் கட்டடம் எழும்பியது. டேட்டா சென்டர் என்றார்கள். ரயில் வண்டிபோல நீளம், பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று மனைவி கேட்டாள். போனில் நாம் பார்ப்பது, பேசுவது, படம் பிடித்து வைப்பது எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த அளவில் விளக்கினார்.

"அதெல்லாம் மேகத்துல இருக்குன்னு நம்ம பொண்ணு சொன்னாளே?"

"மேகமாவது ஒண்ணாவது. அலமாரி அலமாரியா கம்ப்யூட்டர். பின்னால போய் நின்னா அடுப்புக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்கும்."

அந்த அடுப்பை அணையாமலும் எரித்துவிடாமலும் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த வேலை. சில்லர் என்ற பெரிய மிஷின்கள் குழாய்த் தண்ணீரைக் குளிராக்கி உள்ளே அனுப்பும். உள்ளே போன தண்ணீர் கம்ப்யூட்டர்களின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பும். அந்தச் சூட்டையெல்லாம் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் கூலிங் டவர்கள் ஆவியாக்கி வானத்தில் விடும். ஆவியாகப் போகும் தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வெயில் ஏற ஏற டவர்களின் தாகமும் ஏறும். குழாய்த் தண்ணீர் போதாமல் லாரியில் வரவழைத்தார்கள். லாரி ஓட்டும் வேலையைத் தன் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

முதலில் ஒரு கம்ப்யூட்டர் கூடம்தான் இருந்தது. அடுத்த வருடம் இரண்டாவது வந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அலமாரிகளுக்கு முன்னாலுள்ள குளிர்ந்த நடைபாதைக்குப் போவார், அதைக் கழற்றிக்கொண்டே சூடான பக்கம் வருவார், அங்கிருந்து நேரே வெயிலில் டவர் மேல் ஏறுவார். ஒரே நாளில் மூன்று பருவமும் உடம்பின் மேல் ஏறி இறங்கும். காது இரண்டிலும் ஓயாத ரீங்காரம். வீட்டில் மனைவி சொல்வது பாதி விழாது. விழுந்த பாதிக்கும் "ம்" கொட்டிவிட்டுப் படுத்துவிடுவார்.

அந்தக் கோடை மற்ற கோடைகளைப்போல் இல்லை. காலையிலேயே சுவரைத் தொட முடியவில்லை. காக்கைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு மின்கம்ப நிழலில் உட்கார்ந்திருந்தன. தெருக்குழாய் முதலில் சொட்டியது, பிறகு காற்றை மட்டும் ஊதியது, பிறகு அதுவும் நின்றுபோனது. தண்ணீர் ஆபீசில் கேட்டால் இதோ அதோ என்றார்கள். பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் டேட்டா சென்டருக்குப் போகும் தண்ணீர் லாரிகள் இவர்கள் தெரு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. காலிக் குடத்தோடு நிற்கும் பெண்களைத் தாண்டி, மூடி இடுக்கில் தண்ணீர் தளும்பித் தெறிக்க, லாரி போகும். தார் ரோட்டில் விழுந்த ஈரம் கண்ணெதிரே காய்ந்து மறையும்.

ஒரு மத்தியானம் ஏசிக்காரர் டவருக்குக் கீழே தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரி வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மச்சினனிடமிருந்து போன்.

"மாமா, லாரியை மறிச்சுட்டாங்க."

"எங்க?"

"நம்ம தெருவுலதான்." கொஞ்சம் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னான்: "முன்னாடி உக்காந்திருக்கிறது அக்கா."

மேனேஜர் இவருடைய மகள் வயதுக்காரன். நல்ல பையன்தான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் நிம்மதியாகத் தூங்கி யாரும் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் முகம் தொங்கிப்போனது. போலீசைக் கூப்பிட்டால் பெரிதாகிவிடும், உங்கள் தெரு, உங்கள் மனிதர்கள், நீங்கள் போய்ச் சொன்னால் கேட்பார்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். யார் முன்னால் உட்கார்ந்திருப்பது என்பதை ஏசிக்காரர் அவனிடம் சொல்லவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

தெருவில் சத்தம் ஏதும் இல்லை. கூச்சல் போடக்கூட யாருக்கும் வலுவில்லை. லாரியின் முன்சக்கரத்தை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், குடையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் குடங்களும் டப்பாக்களும், அவற்றின் சொந்தக்காரிகளும். ஓட்டுநர் சீட்டில் மச்சினன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் மற்ற பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி, புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள இடம் விட்டார்கள். அந்த மரியாதைதான் அவரை மேலும் கூச வைத்தது.

"மிஷினுக்குச் சூடு தாங்கலன்னு வந்தீங்களா?" என்றாள் அவள், எழுந்திருக்காமலே.

"ஆமா."

"நின்னுட்டா என்ன ஆகும்?"

ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சரியாத் தெரியல. ஆஸ்பத்திரி சமாச்சாரம் இருக்கலாம். யாரோ ஆட்டம் போட்டு எடுத்த வீடியோவும் இருக்கலாம். எந்த அலமாரியில என்ன இருக்குன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

"இங்க எந்த வீட்ல யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமே" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "எதிர் வீட்டம்மா காலைல மயங்கி விழுந்தாங்க. முகத்தைத் துடைச்சுவிட என்கிட்ட இருந்த கடைசிச் செம்புத் தண்ணியை எடுத்துட்டு ஓடினேன். அப்புறம்தான் வந்து இங்க உக்காந்தேன். நீங்க எந்திரின்னா எந்திரிக்கிறேன். சொல்லுங்க."

அவர் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் போனார். மச்சினன் இறங்கி ஓடிவந்தான்.

"மாமா, வேணாம். என் லாரி ஓட்டம் போயிடும்."

"தெரியும் மாப்ள. நீ தள்ளி நில்லு. கேட்டா நான் திறந்தேன்னு சொல்லு."

வால்வைத் திருப்பினார். வெயிலில் கொதித்துக் கிடந்த அதன் கைப்பிடிச் சக்கரம் உள்ளங்கையைச் சுட்டது. தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியதும் பெண்கள் தள்ளிக்கொள்ளவில்லை, அடித்துக்கொள்ளவில்லை. ஒருத்தி குடத்தை எடுக்க அடுத்தவள் வைத்தாள். அவர் மனைவி மட்டும் தன் வாளியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இவர் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜருக்குப் போன் செய்தார். தண்ணீர் வராது என்றார். வம்பு பண்ணி எடுத்துக்கொண்டார்களா என்று மேனேஜர் கேட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

"இல்ல சார். நான்தான் திறந்துவிட்டேன்."

அந்தப் பக்கம் மேனேஜர் யாரிடமோ தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டான். பிறகு, "சரி, சீக்கிரம் வாங்கண்ணே. இருக்கிறதை வச்சு என்ன பண்றதுன்னு பாப்போம்" என்றான்.

திரும்பிப் போனபோது கூடத்தில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மிச்சத் தண்ணீர் நீடிக்கவேண்டுமானால் சில்லர் ஒன்றை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் பாதிக் கம்ப்யூட்டர்களின் வேலையைக் குறைக்கவேண்டும். அந்த வேலையை வேறு ஊரில் உள்ள கூடத்துக்கு மாற்றிவிட முடியும் என்பது மேனேஜருக்கு முதலிலேயே தெரியும். மேலிடத்தில் கேட்டால் உன்னால் சமாளிக்க முடியவில்லையா என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இத்தனை நாளும் லாரி லாரியாக வரவழைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது கேட்டான். திட்டு வாங்கினான். அனுமதியும் வாங்கினான்.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கூடத்தில் விசிறிகளின் இரைச்சல் அடங்கத் தொடங்கியது. அந்தக் கூடத்தை அவ்வளவு அமைதியாக ஏசிக்காரர் கேட்டதே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். வேலையை எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்று கேட்டார். மேனேஜர் சொன்னான். அங்கேயும் இதே வெயில்தான்.

"அங்க எவன் மாட்டிக்கிட்டு முழிக்கிறானோ" என்றார். மேனேஜர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

வேலை போய்விடும் என்றுதான் அவர் நினைத்தார். விசாரணை என்று கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். கடைசியில் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். பெருந்தன்மை என்று சொல்ல முடியாது, ஆள் கிடைக்கவில்லை. இவருக்குப் பதில் வருவதாகச் சொன்னவனை இன்னொரு ஊரின் டேட்டா சென்டர் கொத்திக்கொண்டு போய்விட்டது. சூடான ஊர்களிலெல்லாம் இந்தக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாதவர்கள் ஏசிக்காரருக்கே போன் செய்து எங்களிடம் வருகிறீர்களா என்று கேட்டார்கள். இளவயதில் ஒவ்வொரு வாசலாக வேலை கேட்டு நின்றவருக்கு, முட்டி தேய்ந்து காது மந்தமான பிறகு இத்தனை கிராக்கி. மனைவியிடம் சொன்னபோது, "பொண்ணு பாக்க வர்ற மாதிரி வர்றாங்களே" என்றாள். இருவருக்குமே சிரிப்பு வந்தது, முழுதாக வரவில்லை.

ஏனென்றால் மச்சினனின் ஓட்டம் போயிருந்தது. அவன்மேல் தப்பில்லை என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. லாரிக்காரர்கள் அவனைக் கழற்றிவிட்டார்கள். கட்டட வேலைக்கு மணல் அடிக்கப் போனான். அக்கா வீட்டுப் பக்கமே வருவதில்லை. போனில் அக்காவிடம் நலம் விசாரிப்பான், மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான். மறித்தது அவள், திறந்தது இவர், தண்டனை அவனுக்கு. இதைப் பற்றிக் கணவனும் மனைவியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. சாப்பாடு போடும்போது தம்பி பேச்சு வந்தால் அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஊரின் கழிவுநீரைச் சுத்தம் செய்து குழாய் வழியாக டவர்களுக்குக் கொண்டுவந்தார்கள். லாரிகள் நின்றன. நல்ல காரியம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் குழாய்களில் பாசியும் உப்பும் படிய வைத்தது. சுரண்டிச் சுரண்டி ஏசிக்காரரின் வேலை இரட்டிப்பானது. புதிதாகக் கட்டிய மூன்றாவது கூடத்துக்குத் தண்ணீரே வேண்டாம், காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் என்றார்கள். அது கரண்டை மடக் மடக்கென்று குடித்தது. மத்தியானங்களில் தெருவின் மின்விசிறிகள் தள்ளாடின. மனைவியின் தையல் மிஷின் மோட்டார் இழுத்து இழுத்து ஓடியது. "இப்ப எதை மறிக்கச் சொல்றீங்க? கம்பியையா?" என்று கேட்டாள். அவர் குனிந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். ஓய்வு பெறும் வயது வந்தும் மேனேஜர் இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்றான். வீட்டில் உட்கார்ந்தாலும் வெயில்தானே என்று சரி சொன்னார்.

அப்படியிருக்க, ஒரு விடுமுறை நாளில் வாசலில் மச்சினன் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"பிரிட்ஜ் நின்னு போச்சு. புள்ளைக்குக் காது வலிக்கு வாங்கின மருந்து உள்ள இருக்கு. கூப்பிட்டா எந்த மெக்கானிக்கும் வர மாட்டேங்கிறான். எல்லாரும் உங்க கம்பெனிக்குப் போயிட்டாங்க."

ஏசிக்காரர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனார். மருந்தைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு, பிரிட்ஜைத் திருப்பி, அதன் பின்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். சின்னக் கோளாறுதான். மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே கருகியிருந்தது. பையில் கிடந்த ஒன்றை எடுத்து மாட்டினார். மோட்டார் மெல்ல உறுமி எழுந்தது. இது வீட்டுச் சத்தம், காதைக் குடையாத சத்தம். குளிர் பிடிக்கிறதா பார்க்கலாம் என்று சுவரில் சாய்ந்தார்.

மச்சினன் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். அதை மெதுவாக உருவி வைத்துவிட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினான். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, மாமா இங்கேதான் தூங்குகிறார், சாப்பிட்டுவிட்டு வருவார், எழுப்பவேண்டாம் என்று சொன்னான்.