ஒரு நாள் பலகை

என் வீட்டுக்காரர் இந்தத் தடவை ஓட்டுப் போடவில்லை. சொன்னால் அக்கம்பக்கத்தில் முகம் சுளிக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, முதலில் சுளித்தவள் நான்தான். ஒரு காலத்தில் வாக்குச்சாவடி திறக்கும் முன்பே துவைத்த சட்டையோடு வரிசையில் முதல் ஆளாக நின்ற மனுஷன் அவர். தூங்குகிறவர்களின் கதவைத் தட்டி, "எழுந்து வாய்யா, அப்புறம் அஞ்சு வருஷம் தூங்கிக்கலாம்" என்று இழுத்துப் போவார்.

அவருக்குத் தச்சு வேலை. எங்களுக்கு ஒரே மகள், பாப்பா. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கால் நிற்காது; சக்கர நாற்காலிதான். பள்ளிக்கூட வாசலில் ஐந்து படிகள். தினமும் காலையில் இவர் அவளை நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார், சாயங்காலம் இறக்குவார். நடுவில் இடைவேளைக்கு மற்றப் பிள்ளைகள் கீழே இறங்கி ஓடும்போது, இவள் மேல்படியில் உட்கார்ந்து அவர்களுடைய பைகளுக்குக் காவல். ஆறு வயதில் பூப்போல இருந்தாள். இப்போது பதினொன்று. அப்பா தூக்குவதில் அவளுக்கு வெட்கம், அவருக்கு இடுப்பு வலி. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

போன தேர்தலில் எங்கள் தெருவுக்கு வந்த வேட்பாளர் பாப்பாவைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். "நான் ஜெயிச்சா முதல் வேலை அந்தப் படிதாம்மா" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அவருக்கே போட்டோம். ஜெயித்தவர் அதோடு சரி. ஆகும் வரை காலைப் பிடி, ஆன பின் கழுத்தைப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்! எங்களுக்குத்தான் புத்தி இல்லை.

அந்தப் பள்ளிக்கூடம்தான் எங்கள் வாக்குச்சாவடி. நடக்க முடியாதவர்கள் ஏறி ஓட்டுப் போட வேண்டுமே, அதற்காகப் படிமேல் சாய்வாகப் பலகை அடிக்கச் சொல்லி அந்தத் தேர்தலுக்கும் காண்ட்ராக்டர் இவரைத்தான் கூப்பிட்டார். தற்காலிக வேலைக்கு ஒரு முறை உண்டு. ஆணியை முழுக்க இறக்கக் கூடாது. தலை விரல் கனம் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் மறுநாள் சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பினால் சுலபமாக வரும். அப்படியே அடித்தார். பாப்பா அது தனக்கென்று நினைத்து ஒன்பது தடவை ஏறி இறங்கினாள். தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் இவரே உட்கார்ந்து ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார்.

"நல்லாத்தானே இருந்துச்சு? ஏம்ப்பா கழட்டுறீங்க?" என்று கேட்டாள். இவர் அடுத்த ஆணிக்குச் சுத்தியலைக் கொடுத்தார்.

அதன் பிறகு மனுக்கள். பதினான்கோ பதினைந்தோ, எல்லாம் கிணற்றில் போட்ட கல். "பலகையும் என்னோடது, கூலியும் வேணாம், நானே அடிச்சுத் தர்றேன்" என்று பெரிய டீச்சரிடம் கெஞ்சினார். "மேல இருந்து உத்தரவு வராம இந்தக் கட்டடத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டேன். நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்று அந்தம்மா முடித்துவிட்டார்.

இந்தத் தேர்தலுக்கும் காண்ட்ராக்டர் வந்தார். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வார் என்று பார்த்தேன். சரி என்றுவிட்டார்! அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல வீட்டுக்கும் பட்டறைக்கும் நடந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓட்டுப் பேச்சை எடுத்தேன்.

"யாருக்குப் போடச் சொல்ற? போன தடவை புள்ளையத் தூக்கினவனுக்கா, இந்தத் தடவை தூக்க வர்றவனுக்கா?"

"போடாதவருக்குக் கேக்குற உரிமை கிடையாதுங்க."

"போட்டுட்டு அஞ்சு வருஷமா கேட்டேனே, என்ன கிழிஞ்சுது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் அப்பா காய்ச்சலோடு போய் ஓட்டுப் போட்டவர். நான் போய்ப் போட்டேன். இவர் காலையிலிருந்து பலகைப் பக்கமே நின்று, வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். பெட்டி பத்தடி தூரம். சாயங்காலம் தேர்தல் அதிகாரியே வெளியே வந்து, "நீங்க போடலையா? நேரம் முடியுது" என்றார். "என் வேலை முடிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டு வெறும் விரலோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் பாப்பாவோடு நானும் போனேன். காண்ட்ராக்டர் இரண்டு ஆட்களோடு பலகையைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

"யோவ், ஆணித் தலை எங்கய்யா?"

"ஆணி இல்ல. போல்ட்டு. படியில துளை போட்டு இறக்கியிருக்கேன்."

துளையின்மேல் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, இழைத்தும் விட்டிருந்தார். இருந்த இடம் தெரியவில்லை.

"ஒரு நாள் வேலைக்கு எவன்யா போல்ட்டு போடுவான்? கழட்டு!"

"கழட்டினா படியும் சேந்து வரும்."

காண்ட்ராக்டர் கடப்பாரையை வாங்கி ஓங்கினார். சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் ஓடிவந்தார். "நிறுத்துங்க! உத்தரவு இல்லாம இந்தக் கட்டடத்துல ஒரு கல்லைப் பேர்க்க விடமாட்டேன். நாளைக்கு யார் பதில் சொல்றது?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமெல்லாம் எதற்கு அலைந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சர் தெரிந்து சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எழுதிப் போடுறேன். உத்தரவோட வந்து பேர்க்கிறேன்" என்று கத்திவிட்டுக் காண்ட்ராக்டர் போனார்.

இவர் வழக்கம்போல நாற்காலியைத் தூக்கக் குனிந்தார். "வேணாம்ப்பா, விடுங்க" என்றாள் பாப்பா. சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு மேலே போய், திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போய்விட்டாள். நான் அழுதுவிட்டேன். இவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போதும் நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை. விடிந்ததும் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு டீ இறங்குகிறது. நேற்று கேட்டேன், "ஏங்க, நெஜமாவே உத்தரவு வந்துட்டா?"

"நம்ம மனு தூங்குற அதே ஆபீஸுக்குத்தானே அவரு எழுதினதும் போகணும்?" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே. "அது எழுந்து வர்றதுக்குள்ள பாப்பா படிச்சு முடிச்சுருவா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பலகையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.