சூலகம் இரண்டும் இருக்கட்டும்

மன்னார்த் தீவில், பேசாலையில் இருபது வருடமாகத் தையல்கடை வைத்திருப்பவள் நான். நாற்பத்து நான்கு வயதில் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறவள் மூலையில் இருந்து அழுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. நானோ கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவை நூறு தடவை பார்த்திருப்பேன். ரோபோவின் மெல்லிய கையொன்று திராட்சைப் பழத்தின் கிழிந்த தோலைத் தைக்கிறது. ஊசியைப் பிடிக்கிற பிடியும் நூலை இழுக்கிற பதமும், அடடா! சட்டை தைக்க வந்தவர்களுக்கெல்லாம் "இஞ்ச பாருங்கோ, என்னையும் இதுதான் தைக்கப்போகுது" என்று காட்டினேன். அளவு கொடுக்க மறந்து போனவர்களும் உண்டு.

நாலு வருடமாக மாதத்தில் பாதி நாள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. தையல் கதிரையில் கறுப்புத் துணி விரித்துத்தான் இருப்பேன். உள்ளே பெரிய பைப்ரொயிட் கட்டி. மருந்து, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. மன்னாரில் பார்த்த டொக்டர் வயிற்றைத் திறந்து எடுக்கலாம், பயமில்லை என்றார். கனடாவில் இருக்கும் தங்கச்சிதான் சென்னையில் ரோபோ இருக்கிறது என்று ஆசை காட்டினாள். எனக்கு அன்று முழுக்கக் கால் நிலத்தில் படவில்லை.

என் கணவர் கடற்றொழில் செய்பவர், அதிகம் கதைக்கமாட்டார். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எடுக்கிறதெண்டால் எல்லாத்தையும் ஒரேயடியா எடுக்கவேணும். சூலகம் ரெண்டையும்."

அவருடைய அக்கா சூலகத்தில் புற்றுநோய் வந்து முப்பத்தொன்பது வயதில் போனவ. கடைசியில் அவவைக் கையில் தூக்கி வாகனத்தில் ஏற்றியது இவர்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் முட்டை விளைகிற சூலகத்தை நல்லாயிருக்கும்போதே இந்த வயதில் எடுத்தால் ஒரே நாளில் ஹோர்மோன் நின்று உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும் என்று நான் வாசித்திருந்தேன். கட்டி போகட்டும், பையும் போகட்டும், சூலகம் மட்டும் இருக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பலாலியில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கும்வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்னை டொக்டர் என் வயதுப் பெண். என் அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"ரோபோ தானாத் தைக்குமோ டொக்டர்?"

அவர் சிரித்தார். "நான்தாங்க தைப்பேன். அது என் கை போற இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்."

"அப்ப நீங்கள் இதில எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீங்கள்?"

கணவர் என் காலை மிதித்தார். டொக்டருக்கோ சந்தோஷம். எல்லோரும் மிஷினைப் பற்றிக் கேட்கிறார்கள், கையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு என்று சொல்லி, விவரமாகப் பதில் சொன்னார். உள்ளே சிக்கல் வந்தால் ரோபோவை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டிவரும், அதற்கும் இப்போதே சம்மதிக்க வேண்டும் என்றார். முதலில் கர்ப்பப்பையின் உட்தோலில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். உடம்பில் இரத்தம் போதாது, இரும்புச்சத்து ஏற்றி ஒரு மாதம் கழித்துத்தான் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகும் ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. மறுநாளே மேசையில் ஏறிப் படுக்கலாம் என்று வந்த எனக்கு முகம் விழுந்துவிட்டது.

அப்போது கணவர் வாய் திறந்தார். "டொக்டர், சூலகம் ரெண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கோ." அக்காவின் கதையையும் சொன்னார்.

டொக்டர் நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன். "அது உங்க பக்கம்ங்க. மனைவியோட ரத்தம் வேற இல்லையா?"

"ஓம் டொக்டர், அது அவற்ற பக்கம்!" எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. வென்றுவிட்டேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அக்கா இவவின்ட சொந்த மாமியின்ட மகள். நாங்கள் மச்சானும் மச்சாளும்."

எனக்கு உச்சியில் அடித்தது போல் இருந்தது. என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சிதான் அவருடைய அம்மா. இரத்த உறவு என்று பங்குச் சுவாமி ஆயரிடம் அனுமதி எடுத்துத்தான் எங்களுக்குக் கலியாணம் செய்துவைத்தார். அந்தக் கடிதம் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. இருந்தும் கலியாணம் முடிந்த நாளில் இருந்து மாமி வீடு 'அவர் பக்கம்' ஆகிவிட்டது. என் மச்சாளை என் இரத்தமாக நினைக்கவே மறந்துபோனேன். புத்திகெட்டவள்.

டொக்டர் பேனாவை எடுத்து 'இல்லை'யை வெட்டினார். அப்பா வழியிலும் இது வரலாம் என்றார். "ரெண்டு பேருக்கும் மரபணு டெஸ்ட் பண்ணலாம். அவர்தான் கூடப்பிறந்தவர், அவர் ரத்தம் நிறையச் சொல்லும். உங்க மகளுக்கும் அது தெரிஞ்சிருக்கணும்."

எங்களுக்கு இருப்பது அந்த ஒரு மகள். அதற்குப் பிறகு நான் ரோபோவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. திருக்கை முள் ஏறினாலும் முகம் சுளிக்காத மனிதர், இரத்தம் எடுக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஊருக்கு வந்து நாலு கிழமை காத்திருந்தோம். உட்தோல் பரிசோதனை நல்லபடி வந்தது. மற்றது வரவேண்டும். ஒரு காலை டொக்டரே அழைத்தார். இருவரின் இரத்தத்திலும் அந்தப் பழுது இல்லை. நூறு வீதம் என்று யாரும் சொல்லமுடியாது, ஆனால் பார்த்தவரை சூலகங்களை வைத்துக்கொள்ளலாம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார்கள். கணவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. திரும்பச் சென்னை. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு கை, பிளாஸ்டிக் உறை போட்டு, எனக்காகவே காத்து நின்றது. "கும்பிடுறன் ராசா" என்றேன். நேர்ஸ்மார் சிரித்தார்கள். விழித்தபோது வயிற்றில் சின்னச் சின்னதாக ஐந்து வெட்டு. வயிற்றை உப்பவைக்க வாயு ஏற்றியதால் தோள்மூட்டுத்தான் உயிர் போகிற மாதிரி வலித்தது. பக்கத்தில் கணவர் இருந்தார்.

"ரெண்டும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கு. டொக்டர் சொன்னவ, வடிவா இருக்குதாம்."

அன்று மாலையே நடக்கச் சொன்னார்கள். அவர் ஒரு கையில் சேலைன் போத்தலும் மறுகையில் என்னையும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மெல்ல நடத்தினார். நான் வழமைபோல் அளந்துகொண்டே வந்தேன், ஊரில் யார் யாருக்கு இந்தத் தழும்பைக் காட்டலாம் என்று. அவர் நின்றுவிட்டார்.

"அப்ப எங்கட இரத்தத்தில ஒண்டும் இல்லையெண்டால், அக்காவுக்கு மட்டும் ஏன் வந்தது?"

அக்கா போன இந்தப் பதினாறு வருடத்தில் அன்றுதான் அவர் அக்காவுக்காக அழுததைக் கண்டேன். சேலைன் போத்தலை அவர் கையிலிருந்து வாங்கி நான் பிடித்துக்கொண்டேன்.