அளவு எடுக்கட்டுமா?

தையல்காரி யாரையும் கேட்காமல் தொடமாட்டாள். கழுத்தில் டேப்போடு நின்று, "அளவு எடுக்கட்டுமா?" என்பாள். எத்தனை வருட வாடிக்கைக்காரியானாலும் அதே கேள்விதான். "என்னடி, என்னைப் புதுசா பாக்கறவ மாதிரி கேக்கற?" என்று கிண்டல் செய்வார்கள். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அந்தப் பழக்கம் வந்த கதை அவள் அக்காவுக்கு மட்டும் தெரியும். பதினாறு முடிந்தும் இவள் வயதுக்கு வரவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். படுக்கச் சொன்ன டாக்டர் திரையை விலக்கி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கும்பலாக உள்ளே கூப்பிட்டார். "இந்த மாதிரி கேஸ் லேசுல கிடைக்காது, நல்லா பாத்துக்கங்க." அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் குடியா முழுகிப்போகும்? என்ன கோளாறு என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் கிசுகிசுத்தார்கள். அம்மா கடைசிவரை வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு காய்ச்சலோ தலைவலியோ, மருந்துக்கடையோடு சரி. இப்போது தொடை இடுக்கில் ஒரு கட்டி, உயிரை எடுக்கிற வலி. புற்றுநோயாக இருக்குமோ என்று ஒரு பயம், மறுபடியும் அந்தத் திரை விலகுமோ என்று ஒரு பயம். இரண்டாவதுதான் பெரிது. அக்கா இழுக்காத குறையாக அழைத்து வந்து ஸ்கேன் எடுக்க வைத்திருந்தாள்.

இந்த டாக்டரம்மா முதலில் கதவைத் தாழிட்டார். "ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரெண்டும் பாத்துட்டேன். நேராவே சொல்லட்டுமா?"

தையல்காரி அக்காவின் கையைப் பிடித்தபடி தலையாட்டினாள்.

"உங்களுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை இல்ல. அந்தக் கட்டி, ஆம்பளைங்களுக்கு இருக்கற விதை மாதிரி ஒண்ணு. சிலருக்கு உடம்பு இப்படி அமையும். இடைப்பால்னு சொல்லுவோம். யார் செஞ்ச தப்பும் இல்ல."

அவள் அக்காவின் கையை விட்டாள். "அப்ப நான் யாரு?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"பொம்பளை."

"அப்ப பொம்பளைதான். இதைப் பேச நல்ல மனநல ஆலோசகர் இருக்காங்க, இதே மாதிரி உடம்பு இருக்கறவங்களும் கூடிப் பேசறாங்க. அந்தக் கட்டியை எடுக்கணுமா வேண்டாமான்னு நிதானமா முடிவு பண்ணலாம். வலி எதனாலன்னு மட்டும் இன்னிக்குப் பாக்கணும்."

கதவு தட்டப்பட்டது. "மேடம், நாங்க பயிற்சி டாக்டருங்க. உள்ள வரலாமா?" அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இப்ப யாரும் வர வேண்டாம்" என்று டாக்டரம்மா இருந்த இடத்திலிருந்தே சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "தொட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

ஊரெல்லாம் அவள் கேட்ட கேள்வி. அவளை யாரும் கேட்டதில்லை.

"வேண்டாம்." வாய் முந்திக்கொண்டது.

டாக்டரம்மா முகம் சுளிக்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சரி." நாற்காலியையும் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கையையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ போய் கதவுகிட்ட நில்லு" என்றாள். அக்கா போய் நின்றதும் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "இப்ப பாருங்க."