கிழித்த ஆறு பக்கம்

அந்த வருஷம் எண்ணூரில் என் வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். "குழந்தை கையால நோட்டு நிறைய சாமி பேரு எழுத வையி, வேலை கிடைக்கும்" என்று கோயிலில் ஒரு அம்மா சொன்னார்.

மூன்றாவது படித்த என் மகளுக்கு டீச்சர் லீவு நோட்டு ஒன்று கொடுத்திருந்தார். தினமும் ஒரு கதை படித்து, அன்று பார்த்ததையும் சேர்த்து எழுத வேண்டும். ஆறு பக்கம் ஆசையாக எழுதியிருந்தாள். வேறு நோட்டு வாங்க வழியில்லை. சாமி பேர் எழுதும் நோட்டில் கதை இருக்கக் கூடாதென்று, படித்துக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

"டீச்சர் கேப்பாங்கம்மா!" என்று அழுதாள்.

"நா வந்து சொல்லிக்கிறேன். கதை எழுதி இன்னா ஆவப் போவுது? நைனாவுக்கு வேலை வேணாமாடீ?"

லீவு முழுக்க விரல் வலிக்க எழுதினாள். நோட்டைக் கோயிலில் வைத்தோம். அவருக்குச் சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் வேலை கிடைத்தது. தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சரைப் பார்க்கத்தான் மறந்துபோனேன்.

சாயங்காலம், "நோட்டுக்கு இன்னாடீ சொன்னே?" என்றேன்.

"லீவுல ஒண்ணுமே நடக்கல, அதான் எழுதலன்னு சொன்னேன். முட்டி போட வச்சாங்க."

"சாமி பேரு எழுதினேன்னு சொல்றதுதானே?"

"சொன்னா உன்னத்தான் திட்டுவாங்க."

வேலை கொடுத்த சாமிக்கு இன்றும் விளக்கேற்றுகிறேன். அதன் பிறகு என் மகள் தானாக ஒரு வரி எழுதவில்லை. அந்த ஆசையைத் திருப்பிக் கொடு என்று சாமியிடம் கேட்க வாய் வரவில்லை. பிடுங்கியது நான்தானே.